மூத்திரப்பை வலிக்கு எந்த ஸ்கேன்? அல்ட்ராசவுண்ட், சிடி, எம்ஆர்ஐ, சிஸ்டோஸ்கோப்பி ஒரு ஒப்பீடு

மூத்திரப்பை வலி இருக்குறவங்க என்கிட்ட கேக்குற கேள்வி பெரும்பாலும் ஒண்ணேதான். "அல்ட்ராசவுண்ட் நார்மல்னு வந்துடுச்சு, யூரின் கல்ச்சர்லயும் ஒண்ணும் வளரல, ஆனா பை நிறைய நிறைய உயிர் போகுது, அடுத்து சிடி எடுக்கவா, எம்ஆர்ஐ எடுக்கவா, இல்ல அந்த ட்யூப் விட்டுப் பாக்குற சிஸ்டோஸ்கோப்பிக்கே போயிடவா?" நான் டாக்டர் இல்ல. ஏழெட்டு வருஷமா இந்த வலியோட குடித்தனம் பண்றவ, மேல சொன்ன நாலுக்கும் போயிட்டு வந்தவ, ஃபைல் தடிச்சுப் போயி ரெண்டாவது ஃபைல் வாங்கினவ, அவ்வளவுதான் என் தகுதி. அதனால எது எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சதை எழுதுறேன், முடிவை உங்க யூராலஜிஸ்ட்கிட்ட பேசி எடுங்க.

முதல்லயே ஒரு விஷயம் சொல்லிடறேன், இது தெரியாமதான் நான் ரெண்டு வருஷம் வீணாக்கினேன். வலியைப் படம் பிடிக்கிற மெஷின்னு ஒண்ணு இன்னும் வரல. இந்த வலி நோயை இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ், பிளாடர் பெயின் சிண்ட்ரோம்னு சொல்றாங்களே, அதை டாக்டர் நீங்க சொல்றதைக் கேட்டு, உடம்பைத் தொட்டுப் பாத்து, வேற காரணம் ஒண்ணும் இல்லன்னு உறுதி பண்ணித்தான் முடிவு பண்றார். அமெரிக்க யூராலஜி சங்கத்து வழிகாட்டில பையோட சம்பந்தப்பட்ட வலியோ அழுத்தமோ யூரின் தொந்தரவோட சேர்ந்து 6 வாரத்துக்கு மேல இருக்கணும், கிருமி மாதிரி வேற காரணம் எதுவும் இருக்கக் கூடாதுன்னு இருக்கு. ஐரோப்பாவுல எஸ்ஸிக்னு ஒரு குழு 2008ல வெளியிட்டதுல 6 மாசம்னு வெச்சாங்க. ரெண்டுலயுமே "ஸ்கேன்ல இப்படித் தெரியணும்"னு ஒரு நிபந்தனை கிடையாது. ஸ்கேன் எல்லாம் அந்த "வேற காரணம் இல்ல"ங்குற பகுதிக்குத்தான் வேலை செய்யுது. அதனால நார்மல்னு வந்தா உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்த ஸ்கேன் தேடிப் போன பொருள் அங்க இல்ல, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம்.

## ஸ்கேனுக்கு முன்னாடி

யூரின் ரொட்டீன், கல்ச்சர் ரெண்டும் கட்டாயம். சீழ் செல் திரும்பத் திரும்ப வருது ஆனா கல்ச்சர்ல ஒண்ணும் வளரலன்னா டிபி இருக்கான்னு தனியா பாக்கச் சொல்லிக் கேளுங்க, சாதாரண கல்ச்சர்ல அது வளராது.

அப்புறம் டைரி. 3 நாளைக்கு ஒவ்வொரு தடவையும் அளவு போட்ட ஒரு ஜக்குல போயி எத்தனை மில்லின்னு எழுதி, பக்கத்துல வலிக்கு பத்துக்கு எத்தனைன்னு போடுங்க. அருவருப்பா இருந்தாலும் பரவால்ல. சாதாரணமா ஒருத்தரோட பை 300ல இருந்து 500 மில்லி வரைக்கும் தாங்கும், என் டைரியில 90, 120, 80, 110ன்னு போயிட்டே இருந்துச்சு. அந்தத் தாளைப் பாத்துட்டு டாக்டர் பேசின விதமே மாறிப் போச்சு, அதுவரைக்கும் எடுத்த எந்தப் படத்துக்கும் அவர் அவ்வளவு நேரம் செலவழிக்கல.

கையால பாக்குற சோதனையும் முன்னாடியே நடந்திருக்கணும். பெல்விக் ஃப்ளோர், அதாவது இடுப்புக்குள்ள பையை அடியில தாங்குற தசை, இறுகிப் போயிருந்தா அதுவும் அப்படியே பை வலி மாதிரியேதான் இருக்கும், அதை வழக்கமா எடுக்குற எந்த ஸ்கேன் ரிப்போர்ட்லயும் எழுத மாட்டாங்க. எனக்கு ஒரு ஃபிசியோதெரபிஸ்ட் விரலால வலது பக்கம் ஒரு இடத்தை அழுத்தினப்போ "இதேதான், இதே வலிதான்"னு கத்திட்டேன். என் வலியில பாதி அங்க இருந்துச்சு. அந்த சோதனை நடந்தது சிடியும் எம்ஆர்ஐயும் முடிஞ்சதுக்கு அப்புறம். தலைகீழா நடந்திருக்கு பாருங்க.

## எதை வெச்சு எடை போடறது

நான் பாக்குறது நாலு விஷயம்.

ஒண்ணு, இது எதைக் கண்டுபிடிக்கும், அது கிடைச்சா என் வைத்தியம் மாறுமா. இதுதான் பெரிய கேள்வி, மத்தது எல்லாம் இதுக்குக் கீழதான். கிடைச்சாலும் கிடைக்காட்டியும் அதே மாத்திரைதான்னா எதுக்கு அந்த டெஸ்ட்?

ரெண்டு, எதைக் கோட்டை விடும்.

மூணு, எடுக்கும்போது உடம்பு படற பாடு. அடக்கி வைக்கிறது, ட்யூப், கதிர்வீச்சு, ஊசில போடற மருந்து, மயக்கம் எல்லாம் இதுல வரும். மத்தவங்களுக்கு ஒரு மணி நேரம் அடக்குறது சின்ன விஷயம், நமக்கு அது ஒரு வாரத்து வலியைக் கிளப்பி விடற விஷயம்.

நாலு, தேடாத ஒண்ணு மாட்டிக்கிட்டா அது எங்க கொண்டு போய் விடும். இதை யாரும் முன்னாடியே சொல்றதில்ல.

## அல்ட்ராசவுண்ட்

எல்லாரும் ஆரம்பிக்கிறது இங்கதான், ஆரம்பிக்கிறதும் சரிதான். கதிர்வீச்சு இல்ல, ஊசி இல்ல, கர்ப்பமா இருந்தாலும் பிரச்சனை இல்ல. பையில கல், ஓரளவு பெருசான கட்டி, கிட்னி வீக்கம், யூரின் போனதுக்கு அப்புறம் எவ்வளவு மிச்சம் நிக்குது, இதெல்லாம் தெரியும். மிச்சம் 50 மில்லிக்குள்ள இருந்தா பொதுவா கவலை இல்லம்பாங்க, நூறு இருநூறுன்னு போனா கதை வேற, அப்போ பை சரியா காலியாகாததுதான் பிரச்சனையான்னு பாக்கணும்.

ஆனா இதுல நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒரு குழி இருக்கு, கொஞ்சம் விரிவா சொல்றேன். ஒரு லிட்டர் தண்ணி குடிச்சுட்டு அடக்கி உக்காருங்கன்னு சொல்லுவாங்க. நான் உக்காந்தேன், முட்டியை முட்டியோட இறுக்கி, நாற்காலி நுனியில, மூச்சைக்கூட மேலோட்டமா விட்டுக்கிட்டு. மூணு தடவை போய் "என் நம்பர் எப்போ"ன்னு கேட்டேன். கடைசில முடியாம பாத்ரூம் போயிட்டேன், "கொஞ்சமா விட்டுட்டு வாங்க"ன்னு சொல்றாங்க, இந்த வலில பாதில நிறுத்த யாரால முடியும்? திரும்ப வந்து படுத்தப்போ பையில இருந்தது கொஞ்சம்தான். ரிப்போர்ட்ல "பையின் சுவர் லேசாகத் தடித்துள்ளது, சிஸ்டைட்டிஸாக இருக்கலாம்"னு வந்துச்சு, அதாவது பையில அழற்சி. அதை வெச்சு ஆன்டிபயாட்டிக். அடுத்த தடவையும் அதே கதை, அதே ஆன்டிபயாட்டிக். மூணாவது கோர்ஸ் முடிஞ்சப்புறம்தான் நான் ரிப்போர்ட்டை முழுசா படிச்சேன், அந்த வரிக்கு நேர் மேலயே பையில இருந்த அளவு 110 மில்லின்னு அச்சடிச்சிருக்கு.

விஷயம் என்னன்னா, பலூன் மாதிரிதான் பை, நல்லா நிறைஞ்சா சுவர் மெலியும், காத்து போன பலூன் தடிமனா இருக்கும். நிறைஞ்ச பைக்கு 3 மில்லிமீட்டர் வரைக்கும், காலியா இருந்தா 5 வரைக்கும் சாதாரணம்னு எடுத்துக்குறாங்க. பாதி நிறைஞ்ச பையை நிறைஞ்ச பையோட கணக்குல பாத்தா ஆரோக்கியமான சுவர்கூட தடிச்ச மாதிரிதான் தெரியும். நம்மளால அடக்க முடியாது, அதனால பை நிறையாது, அதனால சுவர் தடிமனா தெரியும், அதனால கிருமின்னு எழுதுவாங்க, அதனால தேவையில்லாத மருந்து. இந்தச் சங்கிலியை அறுக்கணும்னா ரிப்போர்ட்ல அளவு எத்தனை மில்லின்னு பாருங்க, கல்ச்சர்ல கிருமி வளராம சுவர் தடிமனை மட்டும் காரணம் காட்டி ஆன்டிபயாட்டிக் குடுத்தா கூச்சப்படாம கேளுங்க.

எதிர்ப்பக்கமும் இருக்கு. பல்லைக் கடிச்சு அளவுக்கு மீறி அடக்கிட்டு அப்புறம் போனா பை ஒழுங்கா சுருங்காது, மிச்சம் நிக்கிற அளவு பொய்யா அதிகமா காட்டும். அப்படி வந்தா இன்னொரு நாள் சாதாரணமா போயிட்டு எடுத்துப் பாக்கணும், ஒரே ஒரு நம்பரை வெச்சுப் பயப்படாதீங்க.

பெண்களுக்கு உள்வழியா எடுக்குற அல்ட்ராசவுண்ட் ஒண்ணு இருக்கு, அதுக்கு அடக்கி வைக்கவே வேண்டாம், அது ஒண்ணுக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். யூரின் குழாய் பக்கத்துல இருக்குற பை மாதிரி வீக்கம், பைக்குள்ள வந்து சேர்ற இடத்துல மாட்டின கல், பைச் சுவர்ல எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்தோல் மாதிரி திசு வேற இடத்துல வளர்றது) கட்டி இதெல்லாம் வயித்து மேல வெச்சுப் பாக்குறதைவிட நல்லா தெரியும். தசை இறுகி இருக்குறவங்களுக்கு புரோப் உள்ள போகும்போது வலிக்கும், முன்னாடியே சொல்லிட்டா மெதுவா பண்ணுவாங்க, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ற உரிமையும் உங்களுக்கு இருக்கு. ஆண்களுக்கு அடிவயிறு, விந்து வரும்போது வலின்னு இருந்தா ஆசனவாய் வழியா புராஸ்டேட் பாக்குறது உண்டு, ஆனா எல்லாருக்கும் தேவைப்படாது.

எப்போ இது போதும்: முதல் தடவை பாக்கும்போது, கர்ப்பத்துல, யூரின் முழுசா வராத மாதிரி இருந்தா.

எதைக் கோட்டை விடும்: பையோட உள்தோல்ல இருக்குற புண், தட்டையா பரவுற ஆரம்பகட்ட புற்று, தசை இறுக்கம், நரம்பு சமாசாரம்.

## சிடி

இதைச் சுருக்கமாவே முடிச்சுடலாம், ஏன்னா பை வலிக்கு மட்டும்னு சிடி எடுக்குறதுல எனக்கு நம்பிக்கை கம்மி.

சிடியோட ராஜ்ஜியம் கல். கிட்னில இருந்து இறங்கி வர்ற சின்னக் கல் பையோட வாசல்ல மாட்டிக்கிட்டா அப்படியே பை வலி மாதிரி, அடிக்கடி முட்டுற மாதிரி, குத்துற மாதிரி இருக்கும், அதை மருந்து போடாத சிடி கிட்டத்தட்ட தப்பாம பிடிச்சுடும். சாதா எக்ஸ்ரேல யூரிக் ஆசிட் கல் தெரியாது, சிடில தெரியும். ரெண்டாவது, யூரின்ல ரத்தம். கண்ணுக்குத் தெரியற மாதிரி ரத்தம் போனா கிட்னில இருந்து பை வரைக்கும் முழுசா பாக்க மருந்து போட்டு எடுக்குற சிடி யூரோகிராம் வேணும், அதோட சிஸ்டோஸ்கோப்பியும் வேணும், ஒண்ணு எடுத்துட்டு இன்னொண்ணை விட்டுடக் கூடாது. மூணாவது, டிபில சுருங்கின பை. நாலாவது கெட்டமின். போதைக்காக அதை எடுத்துக்குறவங்களுக்குப் பை புண்ணாகி சுருங்குதுன்னு 2007ல இருந்து மருத்துவ இதழ்கள்ல வந்துக்கிட்டு இருக்கு, சுவர் தடிச்சு சுருங்கின பையும் வீங்கின கிட்னியும் சிடில தெளிவா தெரியும். அப்படி ஒரு பழக்கம் இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க, ஸ்கேனைவிட அந்த ஒரு வார்த்தை சீக்கிரம் வழிகாட்டும்.

மறைஞ்சிருக்குற செலவுன்னு பாத்தா கதிர்வீச்சுதான் முதல்ல. வயிறும் இடுப்பும் சேர்த்து ஒரு சாதாரண சிடி சுமார் 8ல இருந்து 10 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்குற அலகு), உலகத்துல ஒருத்தருக்கு இயற்கையா வருஷத்துக்குக் கிடைக்கிறது சராசரி 2.4. யூரோகிராம்னா ஒரே நாள்ல ரெண்டு மூணு சுத்து எடுப்பாங்க, அதனால அளவு ஏறும். கல்லுக்கு மட்டும்னா "லோ டோஸ்ல பண்ண முடியுமா"ன்னு கேளுங்க, பல இடத்துல பண்றாங்க. ஒரு தடவை எடுத்தா குடி முழுகிடாது, ஆனா வலி வரும்போதெல்லாம் ஒரு சிடின்னு போறவங்களை நான் பாத்திருக்கேன், அதுவும் இளம் வயசுல, அதுதான் உறுத்துது. படத்துல தெளிவா தெரிய ஊசில போடற கான்ட்ராஸ்ட் மருந்துக்கு முன்னாடி கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் பாக்கணும், அலர்ஜி இருந்தா சொல்லணும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடறவங்க அதையும் சொல்லணும்.

அடுத்தது அந்த நாலாவது விஷயம். எனக்கு சிடில பை நார்மல், ஆனா கிட்னிக்கு மேல இருக்குற அட்ரினல் சுரப்பியில சின்னதா ஒரு கட்டி இருக்குன்னு எழுதிட்டாங்க. அதுக்கு ரத்த டெஸ்ட், ஹார்மோன் டெஸ்ட், ஆறு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன், கடைசில அது ஒண்ணும் பண்ணாத கட்டின்னு முடிஞ்சுது. அந்த ஆறு மாசமும் பை வலியைப் பத்தி யாரும் பேசல, நானும் மறந்தே போயிட்டேன்னு சொல்லலாம், வலி மட்டும் மறக்கல.

எப்போ இது சரி: ரத்தம் போனா, கல் சந்தேகம் இருந்தா, கிட்னி வீங்கியிருக்குன்னு அல்ட்ராசவுண்ட்ல வந்தா.

எப்போ வேண்டாம்: மத்ததெல்லாம் நார்மல், "எதுக்கும் ஒண்ணு எடுத்துப் பாத்துடலாமே"ன்னு தோணும்போது.

## எம்ஆர்ஐ

விலை உயர்ந்த மெஷின்ல எல்லாமே தெரியும்னு ஒரு நினைப்பு எல்லாருக்கும் இருக்கு, எனக்கும் இருந்துச்சு. உண்மையில எம்ஆர்ஐ நல்லா வேலை செய்யறது குறிப்பா ஒண்ணைத் தேடிப் போகும்போதுதான். சீட்டுல "அடிவயிறு வலி"ன்னு மட்டும் எழுதி அனுப்பினா பொதுவா ஒரு படம் எடுத்து பொதுவா ஒரு ரிப்போர்ட் குடுப்பாங்க. "எண்டோமெட்ரியோசிஸ் பையில இறங்கியிருக்கா", "யூரின் குழாய்ல டைவர்டிகுலம் இருக்கா"ன்னு எழுதி அனுப்பினா எடுக்குற கோணமே வேற, படிக்கிறவர் தேடற இடமும் வேற. அதனால சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு வாங்கும்போதே படிச்சுப் பாருங்க, இந்தக் கட்டுரையில ஒரே ஒரு வரியை ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க.

டைவர்டிகுலம்னா யூரின் வர்ற குழாயோட சுவர்ல பக்கவாட்டுல உருவாகுற ஒரு சின்னப் பை. யூரின் போயிட்டு எழுந்தப்புறம் சொட்டும், போகும்போது எரியும், உடலுறவுல வலிக்கும். வருஷக்கணக்கா "உங்களுக்கு இன்ஃபெக்ஷன்"னு மருந்து சாப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்காவுக்கு ரெண்டு அல்ட்ராசவுண்ட், ஒரு சிடி எல்லாம் நார்மல்னு வந்து, அந்தச் சொட்டுற விஷயத்தை அவங்க ஒரு டாக்டர்கிட்ட வெக்கத்தை விட்டுச் சொன்னதுக்கு அப்புறம்தான் எம்ஆர்ஐ எழுதிக் குடுத்தாங்க, அதுல பட்டாணி அளவுக்கு வெள்ளையா தெரிஞ்சுது. ஆபரேஷன் ஆச்சு. அவங்க விஷயத்துல எம்ஆர்ஐ எடுத்தது நூத்துக்கு நூறு சரி.

எண்டோமெட்ரியோசிஸும் அப்படித்தான். வலி மாதவிடாயை ஒட்டி ஏறி இறங்குதுன்னா முதல்ல உள்வழி அல்ட்ராசவுண்ட், அப்புறம் எம்ஆர்ஐ, இந்த வரிசை நல்லா வேலை செய்யும். கால்ல மரத்துப் போறது, உக்காந்தா மட்டும் வலி, யூரினும் மலமும் கட்டுப்பாடு போறதுன்னு இருந்தா முதுகுத்தண்டுக்கும் இடுப்பு நரம்புக்கும் பாக்கச் சொல்லுவாங்க, கட்டுப்பாடு திடீர்னு போச்சுன்னா மட்டும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காம அவசரப் பிரிவுக்கே போங்க.

எடுக்கும்போது என்ன பாடுன்னா, கதிர்வீச்சு இல்லதான், ஆனா 30ல இருந்து 45 நிமிஷம் அசையாம படுக்கணும். குகைக்குள்ள டமடமன்னு சத்தம், கையில அழுத்துறதுக்கு ஒரு ரப்பர் பந்து, நாம நினைக்கிறதெல்லாம் "யூரின் வருதே, யூரின் வருதே" மட்டும்தான். அந்த முக்கால் மணி நேரத்துல பை நிறைஞ்சுக்கிட்டேதான் இருக்கும், ஊசில மருந்து போனா இன்னும் வேகமா. பாதில எழுந்தா அந்தப் பகுதியை மறுபடி எடுக்கணும். நான் கத்துக்கிட்டது: படுக்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பாத்ரூம் போயிடுங்க, இடுப்பு எம்ஆர்ஐக்குப் பை பாதி நிறைஞ்சிருந்தாலே பெரும்பாலும் போதும், ரொம்ப நிறைஞ்சா படமே கெடும். டெக்னீஷியன்கிட்ட முன்கூட்டியே சொன்னா பையைச் சுத்தின படங்களை முதல்ல எடுத்துத் தருவாங்களான்னு கேக்கலாம். குடல் அசையாம இருக்க சில இடத்துல ஹையோசின் ஊசி போடுவாங்க, அதுக்கப்புறம் சிலருக்கு யூரின் வர லேட்டாகும், பயப்பட வேண்டாம், ஆனா மணிக்கணக்கா வரலன்னா சொல்லணும். எம்ஆர்ஐல ஊசில போடற காடோலினியம் மருந்து கிட்னி ரொம்ப பலவீனமா இருக்குறவங்களுக்கு யோசிச்சுத்தான் போடுவாங்க.

ஆராய்ச்சில பைச்சுவர் சில எம்ஆர்ஐ படங்கள்ல பளிச்சுன்னு தெரியுதுன்னு பாத்திருக்காங்க. 2008ல அமெரிக்காவுல மேப்னு ஒரு ஆராய்ச்சிக் கூட்டமைப்பு ஆரம்பிச்சு இந்த வலி உள்ளவங்களோட மூளையையே எம்ஆர்ஐ எடுத்து, வலியைக் கையாளுற பகுதிகள்ல வித்தியாசம் இருக்குன்னு காட்டினாங்க. "எல்லாம் உன் கற்பனை"ன்னு சொன்னவங்க முகத்துல காட்ட நல்லா இருக்கும். ஆனா அதெல்லாம் நூறு பேரை இன்னொரு நூறு பேரோட ஒப்பிட்டா தெரியற வித்தியாசம், உங்க ஒருத்தரோட மூளையை எடுத்து உங்களுக்கு இந்த நோய்னு சொல்ல முடியாது. யாராவது அதுக்காக மூளை ஸ்கேன் எடுக்கலாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க.

எப்போ இது சரி: மாதவிடாயோட சேர்ந்த வலி, சொட்டுறது, நரம்பு அறிகுறி.

எப்போ வேண்டாம்: என்ன தேடறோம்னு யாருக்கும் தெரியாதப்போ.

## சிஸ்டோஸ்கோப்பி

கறாரா சொன்னா இது ஸ்கேனே இல்ல, கேமரா. ஆனா எல்லாரும் இதையும் சேர்த்துத்தான் குழம்புறாங்க, தவிர இந்த வலிக்கு நேரடியா வைத்தியத்தை மாத்துற ஒரு பொருளைக் காட்டுறது இது ஒண்ணுதான். அந்தப் பொருள் ஹன்னர் புண். கை ஹன்னர்ங்குற டாக்டர் 1915ல எழுதினது, அவர் பேர்லயே நிக்குது. பையோட உள்தோல்ல சிவந்து, நடுவுல இருந்து ரத்தக் குழாய் கதிர் மாதிரி விரியற ஒரு இடம். இது எல்லாருக்கும் இருக்காது, இந்த நோய் உள்ளவங்கள்ல கொஞ்சப் பேருக்குத்தான், பெரும்பாலும் வயசு கூடினவங்களுக்கு. ஆனா இருந்துட்டா அதே இடத்துலயே கரிச்சு விடலாம், ஸ்டீராய்டு ஊசி போடலாம், நிறையப் பேருக்கு வலி நல்லா குறையுது, திரும்ப வந்தா திரும்பப் பண்ணுவாங்க. இந்தப் புண்ணை அல்ட்ராசவுண்டோ சிடியோ எம்ஆர்ஐயோ நம்பும்படியா காட்டாது. அதனாலதான் 2022ல புதுப்பிச்ச அமெரிக்க வழிகாட்டில ஹன்னர் புண் இருக்கலாம்னு சந்தேகம் வந்தா சிஸ்டோஸ்கோப்பி பண்ணணும்னு இருக்கு, எல்லாருக்கும் பண்ணுன்னு இல்ல. தட்டையா பரவுற ஆரம்பகட்டப் புற்றும் ஸ்கேன்ல தப்பிச்சு இங்க மாட்டலாம், சந்தேகம்னா அங்கேயே சதை எடுத்து அனுப்புவாங்க.

ரெண்டு வகை இருக்கு, ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. ஒண்ணு வளையற மெல்லிய குழாய், மரத்துப் போக லிக்னோகெய்ன் ஜெல் போட்டு, முழிச்சிருக்கும்போதே, அஞ்சு பத்து நிமிஷத்துல. ஜெல் போட்டதும் உடனே ஆரம்பிக்காம சில நிமிஷம் விடச் சொல்லுங்க, அந்தச் சில நிமிஷம் பெரிய வித்தியாசம். எனக்கு ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினாங்க, உள்ள இளஞ்சிவப்பா மெல்லிய ரத்தக் குழாய் கோடுகளோட அழகா இருந்துச்சு, வருஷக்கணக்கா என்னைப் பாடாப் படுத்துற இடம் இவ்வளவு சாதுவா இருக்கேன்னு கொஞ்சம் கோவமாகூட வந்துச்சு.

இன்னொண்ணு மயக்கம் குடுத்து, பையை 60ல இருந்து 80 சென்டிமீட்டர் தண்ணி அழுத்தத்துல நிரப்பி விரிய வெச்சுப் பாக்குறது. சிலருக்கு இதுக்கப்புறம் கொஞ்ச நாள் வலி குறையும், சிலருக்குக் கூடும், அபூர்வமா பை கிழியறதும் உண்டு. இதுலதான் அடுத்த குழி. தண்ணியை வெளிய விட்டதும் உள்ள சின்னச் சின்ன ரத்தப் புள்ளி தெரியும், ஒரு காலத்துல அதைப் பாத்துத்தான் நோயையே முடிவு பண்ணினாங்க. அப்புறம் பாத்தா வலியே இல்லாத பெண்களுக்கும் பையை விரிச்சா அதே புள்ளி வருது. அதனால புள்ளி இருக்குன்னா நோய் உறுதின்னும் இல்ல, இல்லன்னா நோய் இல்லன்னும் இல்ல. உங்க ரிப்போர்ட்ல புள்ளின்னு மட்டும் இருந்தா "ஹன்னர் புண் இருந்துச்சா இல்லையா"ன்னு தனியா கேளுங்க.

மறைஞ்ச செலவு: ரெண்டு நாள் எரிச்சல், லேசா ரத்தம், கிருமித் தொற்று வர ஒரு சின்ன வாய்ப்பு, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஒரு வாரம் வலி கிளம்புறது. காய்ச்சல், குளிர் நடுக்கம், யூரின் வரவே இல்லன்னா உடனே போங்க. கிருமி இருக்கும்போது பண்ணக் கூடாது, அதனால முந்தின கல்ச்சர் ரிப்போர்ட் கையில இருக்கட்டும்.

எப்போ இது சரி: ரத்தம் போனா, வயசு ஐம்பதுக்கு மேல, புகைப் பழக்கம் இருந்தா, பை நிறையும்போது ஒரே இடத்துல குத்தி போனதும் குறைஞ்சா, முதல் கட்ட வைத்தியம் எதுக்கும் அசையலன்னா.

எப்போ தள்ளிப் போடலாம்: இளம் வயசு, ரத்தம் இல்ல, தசை சிகிச்சையும் சாப்பாட்டு மாத்தமும் இன்னும் முயற்சியே பண்ணலன்னா.

## ஒரே பார்வையில

| டெஸ்ட் | இதோட பலம் | காட்டாதது | உடம்பு படற பாடு |
|---|---|---|---|
| அல்ட்ராசவுண்ட் | கல், மிச்ச யூரின், கிட்னி வீக்கம் | உள்தோல் புண், தட்டைப் புற்று | அடக்கி வைக்கணும், சுவர் தடிமன் பொய் சொல்லும் |
| உள்வழி அல்ட்ராசவுண்ட் | எண்டோமெட்ரியோசிஸ், குழாய் வாசல் கல் | உள்தோல் புண் | தசை இறுகினவங்களுக்கு வலி, ஆனா அடக்க வேண்டாம் |
| சிடி | கல், ரத்தத்துக்குக் காரணம், டிபி | உள்தோல் புண், தசை | கதிர்வீச்சு, கான்ட்ராஸ்ட், தேடாதது மாட்டும் |
| எம்ஆர்ஐ | டைவர்டிகுலம், ஆழமான எண்டோமெட்ரியோசிஸ், நரம்பு | சின்னக் கல், உள்தோல் புண் | முக்கால் மணி நேரம் அசையாம, நிறையற பையோட |
| சிஸ்டோஸ்கோப்பி | ஹன்னர் புண், புற்று | பைக்கு வெளிய இருக்குற எதுவும் | ட்யூப், எரிச்சல், சில சமயம் மயக்கம் |

கான்ட்ராஸ்டை ட்யூப் வழியா நிரப்பி எக்ஸ்ரே எடுக்குறது, பைக்குள்ள பொட்டாசியம் ஊத்தி வலிக்குதான்னு பாக்குறது, இதெல்லாம் இந்த வலிக்குன்னு யாராவது எழுதிக் குடுத்தா ஏன்னு காரணம் கேளுங்க. முதலாவதுக்கு யூரின் பின்னோக்கிப் போகுதான்னு பாக்குறது மாதிரி வேற காரணம் இருந்தா சரி. ரெண்டாவது சும்மா வலியைக் கிளப்புறதுதான், இப்போ வேண்டாம்னே சொல்றாங்க.

## யாரும் சொல்லாத இன்னொரு ஸ்கேன்

பென்டோசான் மாத்திரை சாப்பிடறவங்க இதைக் கவனமா படிங்க. பைக்காகக் குடுக்குற அந்த மாத்திரையை வருஷக்கணக்கா சாப்பிட்டவங்களுக்குக் கண்ணோட விழித்திரையில பாதிப்பு வருதுன்னு 2018ல வெளிய வந்துச்சு, 2020ல அமெரிக்காவுல மருந்துச் சீட்டுலயே எச்சரிக்கை சேர்த்தாங்க. ஆரம்பிக்கும்போதே ஒரு தடவை விழித்திரையைப் படம் எடுத்து வெச்சுக்கணும், அப்புறம் டாக்டர் சொல்ற இடைவெளியில திரும்பத் திரும்ப எடுக்கணும். படிக்கும்போது எழுத்து மங்குறது, இருட்டுல கண்ணு பழக நேரமாகுறதுன்னு இருந்தா காத்திருக்காதீங்க.

நானும் அதை மூணு வருஷம் சாப்பிட்டவதான். பைக்கு எடுத்ததெல்லாம் நிறுத்தியாச்சு, இப்போ வருஷத்துக்கு ஒரு தடவை தவறாம நான் எடுத்துக்குற ஒரே ஸ்கேன் கண்ணுக்குத்தான். தாடையை அந்தத் தாங்கில வெச்சு, பச்சைப் புள்ளியை இமைக்காம பாக்கணும், ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதுக்கும் பாத்ரூம் போயிட்டு வந்துதான் உக்காருவேன்.